பயிற்சி விமானிக்கு எந்த ஹெட்செட்? ஒரு பழைய கேள்வியும் அதன் விடைகளும்

தேவிபட்டினம் கடற்கரையில் வளரும் பிள்ளைகளுக்கு விமானம் எட்டாத அதிசயமில்லை. ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில், உச்சிப்புளியில், கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் 2009 மார்ச்சில் முறைப்படி தொடங்கப்பட்டது. பாக் விரிகுடாவுக்கு மேலே கண்காணிப்புக்குப் பறக்கும் ஹெலிகாப்டர்களின் சத்தம் இந்தக் கரைக்குப் பழகிப்போனது. ஆனால் அந்த ஓடுபாதை கடற்படையுடையது. விமானியாக ஆசைப்படும் இப்பகுதி இளைஞர் பயிற்சிக்குச் சேலம், மைசூரு போன்ற ஊர்களுக்கோ வட மாநிலங்களுக்கோ போக வேண்டும்.

இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். கல்விக் கடனும் அடமானம் வைத்த நிலமும்தான் பல வீடுகளில் இந்தச் செலவைத் தாங்குகின்றன. சேர்க்கைக் கட்டணம் கட்டி முடித்த கையோடு ஒரு கேள்வி வரும்: சொந்தமாக ஹெட்செட் வாங்க வேண்டுமா? வாங்குவதென்றால் இருநூறு டாலருக்குள் கிடைப்பதா, நானூறு டாலரை ஒட்டியதா, ஆயிரம் டாலரைத் தாண்டியதா?

கேள்வி சிறியதாகத் தெரிந்தாலும், விமானப் பயிற்சி தொடங்கிய காலத்திலிருந்து இதற்கு வேறு வேறு விடைகள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. அவை எங்கிருந்து வந்தன, எங்கே வலுவாக நிற்கின்றன, எங்கே ஆட்டம் காண்கின்றன என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

பேச்சுக்குழாயிலிருந்து ஹெட்செட் வரை

முதல் சிக்கல் காதைக் காப்பது அன்று. ஆசிரியர் சொல்வது மாணவருக்குக் கேட்க வேண்டும் என்பதே. 1917-இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட் பயிற்சித் தளத்தில் ராபர்ட் ஸ்மித்-பேரி வகுத்த பயிற்சி முறையில் ஒரு ரப்பர் பேச்சுக்குழாய் இடம்பெற்றது. ஒரு முனையில் ஆசிரியரின் வாய், மறுமுனையில் மாணவரின் தோல் தொப்பிக்குள் இருந்த காது. அது காஸ்போர்ட் குழாய் என்றே பெயர் பெற்றது. 1920களின் இறுதியில் இந்தியாவில் பறப்புக் கழகங்கள் தோன்றியபோது திறந்த காக்பிட் மாத் விமானங்களோடு இந்த ஏற்பாடும் வந்தது.

பின்னர் வானொலி வந்தது. சிறு விமானங்களில் நெடுங்காலம் கையில் பிடிக்கும் மைக்கும் கூரையில் பதித்த ஒலிபெருக்கியும்தான் இருந்தன. இஞ்சின் சத்தத்துக்கு மேல் ஒலிபெருக்கி அலறும். விமானியின் காது இரண்டையும் தாங்கும். அமெரிக்காவின் வுஸ்டர் நகரில், போர் விமானிகளுக்கான அழுத்த உடைகள் தயாரித்துவந்த டேவிட் கிளார்க் நிறுவனம் 1975-இல் சிறு விமானங்களுக்கென இரைச்சல் தடுக்கும் ஹெட்செட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. காதை முழுதும் மூடும் கிண்ணம், அதைத் தலையோடு இறுக்கும் வளைவு, உதட்டருகே மைக் என்ற அமைப்பு இன்றுவரை அடிப்படையில் மாறவில்லை. மின்னணு உதவியின்றித் தடுப்பதால் இதைப் பாசிவ் என்கிறார்கள்.

இன்னொரு வழி வேறிடத்திலிருந்து வந்தது. ஒலியலைக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கினால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும் என்ற கருத்துக்கு ஜெர்மானியரான பால் லூக் 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1978-இல் ஜூரிக்கிலிருந்து பாஸ்டன் திரும்பும் விமானத்தில், வங்காள விடுதலைப் போராட்டக்காரர் ஒருவரின் மகனான அமர் போஸ், இதை ஹெட்செட்டுக்குள் கொண்டுவருவதற்கான கணக்கைப் போட்டார். 1986-இல் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தின் இரு விமானிகளும் அதன் முன்மாதிரியை அணிந்திருந்தனர். 1989-இல் போஸ் நிறுவனம் அதை விற்பனைக்கு விட்டது. ஏ.என்.ஆர். என்று விமானிகள் சொல்வது இதைத்தான்.

ஆக, இன்றைய மாணவர் முன் நிற்கும் விடைகள் மூன்று வெவ்வேறு காலக் கவலைகளிலிருந்து பிறந்தவை: கேட்பது, காப்பது, களைப்பைக் குறைப்பது. எந்த விடையையும் எடைபோடும் முன், அது இவற்றில் எந்தக் கவலைக்குப் பதில் சொல்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

காக்பிட் சத்தம் எப்படிப்பட்டது

பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் காணப்படும் செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர் இஞ்சின், இரண்டு இறக்கை புரொப்பெல்லர். நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால் நொடிக்கு 40 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு இறக்கைகள் கடப்பதால் நொடிக்கு 80 துடிப்பு; நான்கு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு என்பதால் அதுவும் நொடிக்கு 80. அதாவது இரைச்சலின் கனமான பகுதி 80 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் குவிகிறது. நெஞ்சில் உணரப்படும் அந்த உறுமல் இதுதான்.

விமான வானொலி சுமக்கும் பேச்சோ ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. இரண்டும் வேறு வேறு தளங்கள் என்று நிம்மதியடைய முடியாது. வலுவான கீழ்சுருதி, தனக்கு மேலுள்ள சுருதிகளையும் காதுக்குள் மறைக்கும் இயல்புடையது. அதனால்தான் உறுமலுக்கு நடுவில் "டிசென்ட்" என்ற சொல்லின் மெய்யெழுத்துகள் தேய்ந்து கேட்கின்றன.

ஒற்றை இஞ்சின் விமானங்களின் காக்பிட் சத்தம் பொதுவாக 90 முதல் 100 டெசிபெல் வரை சொல்லப்படுகிறது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷின் பரிந்துரை 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 95 டெசிபெல்லில் வெறுங்காதோடு ஏறக்குறைய 48 நிமிடம் மட்டுமே இருக்கலாம். இந்தியத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபெல் வரை விடுகின்றன. ஆனாலும் நையோஷின் கண்டிப்பான அளவுகோலை எடுத்தால், ஹெட்செட் இல்லாமல் பழகலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

இதில் உரிமமும் சம்பந்தப்பட்டிருக்கிறது. சர்வதேச விதிகளின்படி முதல் வகுப்பு மருத்துவச் சோதனையில் 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் கேட்கும் இழப்பு 35 டெசிபெல்லையும், 3000 ஹெர்ட்ஸில் 50 டெசிபெல்லையும் தாண்டக் கூடாது. ஆனால் இரைச்சலால் வரும் கேடு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் முதலில் தலைகாட்டும். சோதனையில் தேறிவிட்டோம் என்பது காது சேதமில்லாமல் இருக்கிறது என்பதற்கு முழு உத்தரவாதம் ஆகாது.

முதல் நிலைப்பாடு: பள்ளி தருவதே போதும்

பல பள்ளிகள் பொது ஹெட்செட்டுகளை வைத்திருக்கின்றன. 200 மணி நேரத்துக்காக ஏன் தனியாகச் செலவு செய்ய வேண்டும் என்பது சிக்கனத்தின் வாதம். முதல் சில பறப்புகளுக்கு இது நியாயமானதும்கூட. விமானம் தனக்கு ஒத்துவருமா என்றே தெரியாத நிலையில் பணம் போடுவது அவசரம்.

பலவீனம் காது மெத்தையில் இருக்கிறது. ஹெட்செட்டின் தடுப்பாற்றல் முழுவதும், அந்த மெத்தை தோலோடு இடைவெளியின்றி ஒட்டுவதைப் பொறுத்தது. பலர் அணிந்து வியர்வையில் ஊறிய மெத்தை நாளடைவில் இறுகி வெடிக்கும். விரலால் அழுத்திப் பார்த்தால் மெதுவாக எழும்பாமல் பிளாஸ்டிக் போல விறைத்து நிற்கும். அப்படிப்பட்ட ஹெட்செட் பெட்டியில் அச்சிட்ட டெசிபெல்லைத் தராது. கூடவே, ஈரப்பதம் மிகுந்த வெப்பப் பகுதிகளில் காதுப் பூஞ்சைத் தொற்று சாதாரணம். காதை மூடும் ஒரு பொருளைப் பலரும் பகிர்வது அதற்குத் துணைபோகலாம். மைக்கின் நுரைமூடிக்கும் இது பொருந்தும்.

ஆகவே இந்த நிலைப்பாடு ஒரு நிபந்தனையோடு மட்டுமே நிற்கிறது: மெத்தையும் நுரைமூடியும் புதிதாக இருக்க வேண்டும், அல்லது மாணவர் தனக்கென்று துணியுறையும் நுரைமூடியும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் நிலைப்பாடு: சொந்தமாக ஒரு நல்ல பாசிவ்

பழைய ஆசிரியர்கள் பெரும்பாலும் சொல்லும் விடை இது. இதன் அடையாளமாகிவிட்டது டேவிட் கிளார்க்கின் பச்சை நிற எச்10-13.4. அதன் தடுப்பு மதிப்பீடு 23 டெசிபெல். மின்கலம் வேண்டாம், மெத்தையும் மைக்கும் தனித்தனியாகக் கிடைக்கும், ஐந்தாண்டு உத்தரவாதம் உண்டு.

23 டெசிபெல் என்றால் 95-இலிருந்து 23-ஐக் கழித்துவிட முடியாது. அந்த மதிப்பீடு ஆய்வகத்தில், பொருத்தமாக அணிந்தவர்களிடம் அளந்தது. காதை மூடும் வகைக்கு மதிப்பீட்டில் கால் பங்கைக் குறைத்து, அளவீட்டு முறை வேறுபாட்டுக்காக மேலும் 7-ஐக் கழிக்கச் சொல்கிறது நையோஷ். அப்படிப் பார்த்தால் நடைமுறையில் கிடைப்பது ஏறக்குறைய 10 டெசிபெல். 95 என்பது 85 ஆகும். 8 மணி நேர வரம்பு. ஒரு நாளில் ஒன்றிரண்டு மணி பறக்கும் மாணவருக்கு இது தாராளமாகப் போதும். சத்தம் 98 என்றாலும் 4 மணி நேரம் கிடைக்கிறது.

பாசிவ் வாதத்தின் முதுகெலும்பு இந்தக் கணக்குதான். ஆனால் இதிலும் மூன்று ஓட்டைகள் உண்டு.

ஒன்று, கண்ணாடி. மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே நுழையும் இடத்தில் சத்தம் கசியும். தடித்த பிளாஸ்டிக் காம்பு சில டெசிபெல்லையாவது விழுங்கிவிடும். மெல்லிய கம்பிக் காம்பு பரவாயில்லை. இரண்டு, கிண்ணமும் மெத்தையும் மேல்சுருதிகளை நன்றாகத் தடுக்கும், கீழ்சுருதிகளில் பலவீனமானவை. செஸ்னாவின் 80 ஹெர்ட்ஸ் உறுமல் அந்தப் பலவீனத்திலேயே நேராக விழுகிறது. மூன்று, மேலே போட்ட கணக்கில் வானொலியின் சத்தம் சேரவில்லை. உறுமலை வெல்ல மாணவர் ஒலியளவைக் கூட்டினால், காப்புக் கவசத்துக்கு உள்ளேயே புதிய இரைச்சல் பிறக்கிறது.

இருநூறு டாலருக்குள் கிடைக்கும் மலிவு பாசிவ்களின் நிலை சற்று வேறு. கிண்ணத்தின் அடிப்படை ஒன்றுதான் என்பதால் தடுப்பாற்றலில் பெரிய பள்ளம் இருக்க வேண்டிய அவசியமில்லை. வேறுபாடு பெரும்பாலும் மைக்கின் தரத்திலும், கம்பி உடைவதிலும், இரண்டாண்டு கழித்து மெத்தை கிடைக்குமா என்பதிலும்தான் தெரியவரும்.

மூன்றாம் நிலைப்பாடு: தொடக்கத்திலேயே ஏ.என்.ஆர்.

போஸ் ஏ20, அதன் பின் 2023-இல் வந்த ஏ30, லைட்ஸ்பீட் நிறுவனத்தின் ஸூலு வரிசை ஆகியவை இந்த அணியின் முகங்கள். இவர்களின் வாதம் கூர்மையானது. எதிரலை முறை நன்றாக வேலை செய்வது சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே. புரொப்பெல்லர் உறுமுவதும் அங்கேதான். பாசிவ் தோற்கும் இடத்தில் இது வெல்கிறது. உறுமல் அடங்கினால் பேச்சு மேலெழும்; ஒலியளவைக் குறைக்கலாம்; தலையை இறுக்கமாகப் பிடிக்கத் தேவையில்லாததால் எடையும் அழுத்தமும் குறையும். ஏ20 ஏறத்தாழ 340 கிராம். பழைய பாசிவ்கள் அரைக் கிலோவை ஒட்டியவை.

பணக் கணக்கும் ஒன்று உண்டு. நல்ல பாசிவுக்கும் உயர்நிலை ஏ.என்.ஆருக்கும் இடையே சுமார் 900 டாலர் வித்தியாசம் என்று வைத்தால், 200 மணிக்குப் பங்கிட மணிக்கு நாலரை டாலர். பறப்புக் கட்டணத்துக்கு முன் அது ஒன்றுமில்லை என்பார்கள். ஆனால் அதே தொகையை எதிர்ப்பக்கமிருந்தும் படிக்கலாம். அது ஐந்தாறு மணி நேரப் பறப்புக் கட்டணம். கடன் வாங்கிப் படிக்கும் மாணவருக்கு, தரையிறக்கம் கைவராமல் தடுமாறும் நாட்களில் அந்த ஐந்து மணி நேரம் ஹெட்செட்டைவிடப் பெரிதாக உதவக்கூடும்.

தொழில்நுட்ப வரம்புகளும் உள்ளன. மின்கலம் தீர்ந்தால் ஏ.என்.ஆர். வெறும் பாசிவாக மாறும். இலகுவாகச் செய்யப்பட்டவை அந்த நிலையில் கனமான பாசிவ் அளவுக்குத் தடுக்காமல் போகலாம். பெட்டியில் அச்சிடும் தடுப்பு மதிப்பீடு பாசிவ் தடுப்புக்கென வகுக்கப்பட்டது. எதிரலை தரும் பயனை அது காட்டாது. ஆகவே விளம்பரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட, வாங்குபவர் கையில் பொது அளவுகோல் இல்லை. இன்னொரு எச்சரிக்கையை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2007-இல் விடுத்தது: இரைச்சல் அடங்கும்போது எச்சரிக்கை ஒலிகளும் இயந்திரக் கோளாறின் சத்தமும் கவனத்திலிருந்து நழுவலாம். இஞ்சின் சத்தத்தை வைத்தே அதன் நலனை உணரப் பழக வேண்டிய மாணவருக்கு இது பொருளற்ற கவலையல்ல. மறுபக்கம், விமானம் தூக்குவிசையை இழக்கப்போவதை அறிவிக்கும் ஸ்டால் எச்சரிக்கைக் குழல் போன்றவை மேல்சுருதியில் ஒலிப்பவை. எதிரலை அவற்றைப் பெரிதாகத் தொடுவதில்லை. கவலை முழுவதும் தள்ளத்தக்கதும் அல்ல, முழுவதும் ஏற்கத்தக்கதும் அல்ல.

நடுவழிகள்

இரண்டு அணிகளுக்கும் நடுவே சில சமரசங்கள் பேசப்படுகின்றன. மலிவானது, பாசிவுக்கு உள்ளே நுரைக் காதடைப்பான் போட்டுக்கொள்வது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகள் இரட்டைக் காப்புக்குக் கூடுதலாக 5 டெசிபெல் என்று கணக்கு வைக்கின்றன. சில ரூபாயில் கிடைக்கும் 5 டெசிபெல் சாதாரணமானதல்ல. அடைப்பான் வானொலியையும் சேர்த்துக் குறைக்கும் என்பதால் ஒலியளவைக் கூட்ட வேண்டிவரும். ஆசிரியருடன் பேசிப் பழகும் முதல் நாட்களில் இது இடைஞ்சல்.

காதுக்குள் பொருந்தும் வகை ஹெட்செட்டுகள் தலையை அழுத்துவதில்லை, கண்ணாடிச் சிக்கலும் இல்லை. வெக்கையில் இது பெரிய ஆறுதல். நுனியைச் சரியாகச் செருகாவிட்டால் பயன் சட்டென்று சரியும் என்பதும், விலை நல்ல பாசிவைத் தாண்டும் என்பதும் எதிர்ப்புள்ளிகள்.

பழைய ஹெட்செட் வாங்குவது இந்தியாவில் பயிற்சி முடித்துப் போகும் மாணவர்களிடமிருந்து பெரும்பாலும் நடக்கிறது. பாசிவ் என்றால் ஆபத்து குறைவு. புது மெத்தையும் நுரைமூடியும் போட்டால் அது மறுபிறவி எடுக்கும். ஏ.என்.ஆர். என்றால் உள்ளிருக்கும் மின்னணுப் பகுதியின் ஆயுளைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பாட்டுக் கேட்கும் இரைச்சல் தடுப்பான்களில் மைக் பொருத்தி விற்பவர்களும் உண்டு. அவை காக்பிட்டின் சத்தத்துக்கும் வெப்பத்துக்கும் என்று செய்யப்பட்டவை அல்ல.

"ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுவதும்"

விலை உயர்ந்ததை நியாயப்படுத்தப் பெற்றோரிடம் அதிகம் சொல்லப்படும் வாதம் இதுதான். அதனால் தனியாகப் பார்க்கத் தகும். பயிற்சி விமானங்களில் இரட்டைச் செருகி: காதுக்கு ஒன்று, மைக்குக்குச் சற்று மெல்லிய இன்னொன்று. ஹெலிகாப்டரில் ஒற்றைச் செருகி. ராணுவ வகைகளில் மின்தடையே வேறு. ஏர்பஸ் ஏ320-இல் ஐந்து முனைச் செருகி. மாற்றி இணைப்பான்கள் கிடைக்கின்றன, ஆனால் எல்லாம் எல்லாவற்றோடும் சேர்வதில்லை.

அதைவிட முக்கியமானது, ஜெட் விமானக் காக்பிட்டின் இரைச்சல் புரொப்பெல்லர் விமானத்தைவிடக் கணிசமாகக் குறைவு. பல விமானிகள் அங்கே இலகுவான ஹெட்செட்டைத்தான் அணிகிறார்கள். விமான நிறுவனங்கள் அங்கீகார முத்திரை பெற்ற ஹெட்செட்டையே ஏற்பதும் உண்டு. மலிவு வகைகள் பலவற்றுக்கு அந்த முத்திரை கிடையாது, உயர்நிலை வகைகளில் அது கிடைக்கிறது. ஆகவே வாழ்நாள் வாதம் ஓரளவு உண்மை. ஆனால் ஐந்தாண்டுக்குப் பின் வரப்போகும் வேலைக்காக இன்றைக்குக் கடனில் வாங்குவது அவசியம் என்பதை அது நிறுவவில்லை.

பறப்பு ஆசிரியராகத் தொடர நினைப்பவரின் நிலை மட்டும் வேறு. நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் அதே உறுமலில் உட்காருபவருக்குப் பாசிவின் 10 டெசிபெல் விளிம்பில் நிற்கிறது. அங்கே ஏ.என்.ஆரின் விலை செலவல்ல, காப்பு.

உப்புக்காற்றும் வெக்கையும்

வெளிநாட்டு ஒப்பீடுகள் பெரும்பாலும் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து போகும் மாணவர் சில கூடுதல் கேள்விகள் கேட்க வேண்டும். ஏசி இல்லாத காக்பிட்டில் ஜெல் மெத்தை நன்றாக ஒட்டும், ஆனால் தோலில் வெப்பத்தைத் தேக்கும். நுரை மெத்தை இலகு, வியர்வையில் சீக்கிரம் கெடும். மெல்லிய துணியுறை ஆறுதல் தரும், தடுப்பில் சிறிதளவைத் தின்னும். விடுமுறையில் தேவிபட்டினம் போன்ற ஊருக்குக் கொண்டுவந்து திறந்தவெளியில் மாட்டிவைத்தால், உப்புக்காற்று செருகியின் உலோகத்தில் படலம் படியச் செய்து கரகரப்பை உண்டாக்கும். துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய பையில் வைப்பதே போதும். உதிரி பாகம் இந்தியாவில் கிடைக்கிறதா என்பதும் முதல் விலையளவுக்குக் கவனிக்க வேண்டியது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது சுங்க வரியும் அனுப்பும் செலவும் சேர்ந்து, மலிவு என்று நினைத்ததன் மலிவைக் குறைத்துவிடும்.

மதிப்பீடு

இதுவரை பார்த்தவற்றில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை உண்டு. ஒரு நாளில் ஒன்றிரண்டு மணி பறக்கும் மாணவரின் செவியைக் காக்க, தலைக்குச் சரியாகப் பொருந்தும் நடுத்தர பாசிவ் போதும். அந்த வாசலைத் தாண்டியபின் கொடுக்கும் பணம் பெரும்பாலும் களைப்பு குறைவதற்கும் தெளிவுக்கும் போகிறது. மெத்தையின் ஒட்டுதல், மைக்கின் தரம், செருகியின் பொருத்தம், உதிரி பாகம் ஆகிய நான்கும் விலைச் சீட்டைவிட அதிகம் தீர்மானிக்கின்றன. மைக்கை உதட்டிலிருந்து அரை சென்டிமீட்டருக்குள் வைக்கப் பழகுவது, கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு நம் குரல் கேட்பதில் ஆயிரம் டாலர் செய்யும் வேலையில் பாதியைச் செலவில்லாமல் செய்யும்.

திறந்தே இருப்பவையும் உண்டு. ஏ.என்.ஆர். பேச்சைப் புரிந்துகொள்வதை எவ்வளவு மேம்படுத்துகிறது என்பதில் ஆய்வு முடிவுகள் ஒரே திசையில் இல்லை. இரைச்சலின் தன்மையும் வானொலியின் தரமும் மாறும்போது விடையும் மாறுகிறது. களைப்பு குறைந்தால் கற்பது வேகமாகுமா, அதனால் சில பறப்பு மணிகள் மிச்சமாகுமா என்ற கேள்விதான் பண வாதத்தை உண்மையில் தீர்க்கக்கூடியது. அதற்கு நம் வெப்பத்திலும், ஆங்கிலம் இரண்டாம் மொழியான மாணவர்களிடமும் அளந்த விடை தேவை. எதிரலைப் பயனை வாங்குபவர் ஒப்பிடத்தக்க பொதுவான மதிப்பீடும் வர வேண்டும்.

அதுவரை பொறுப்பான வரிசை இப்படி இருக்கலாம்: முதல் சில பறப்புகளைப் பள்ளியின் ஹெட்செட்டில் புது நுரைமூடியோடு முடிப்பது, தொடர்வது உறுதியானதும் நேரில் அணிந்து பார்த்து நல்ல பாசிவ் ஒன்றை, முடிந்தால் பழையதாக, வாங்குவது, கண்ணாடி அணிபவரும் ஆசிரியப் பணிக்குப் போக நினைப்பவரும் ஏ.என்.ஆரை முன்னதாகவே கணக்கில் சேர்ப்பது. கையில் மிஞ்சும் பணத்தைப் பறப்பு மணிகளுக்கு ஒதுக்குவதே, இன்றுள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால், கூடுதல் பயன் தரும் முதலீடாகத் தோன்றுகிறது.